இருபத்திரண்டு சுற்று

பத்தாவது சுற்றில் ராஜநாயகம் கொஞ்சம் நிற்பார். மார்பளவு உயர இரும்புச் சாவியின் குறுக்குக் கைப்பிடியில் சாய்ந்து ஒரு மூச்சு வாங்குவார். பிறகு பதினொன்று. பனகல் பார்க் வேலியை ஒட்டித் தரையில் பதித்த இரும்பு மூடிக்குக் கீழே எங்கள் தெருவின் தண்ணீர் வால்வு இருக்கிறது. அதை இருபத்திரண்டு சுற்றுத் திறந்தால்தான் எங்கள் மாடிக் குழாயில் தண்ணீர் ஏறும். விடிகிற நேரத்தில் பார்க்கைச் சுற்றி நடக்கப் போவதாக வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன். உண்மையில் அவர் வந்துவிட்டாரா என்று பார்க்கத்தான் போகிறேன்.

பெயரை மாற்றியிருக்கிறேன். காரணம் கடைசியில் தெரியும். மாநகராட்சியின் தண்ணீர்ப் பிரிவில் அவருக்குப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. காக்கி டிராயர், தோளில் துண்டு, துண்டின் மேல் சாவி. சாவி சுமந்து சுமந்து வலது தோள் இரண்டு விரற்கடை இறங்கியிருக்கிறது. காலை ரவுண்டு முடியும்வரை மனுஷர் உட்காரமாட்டார். டீக்கடை பெஞ்சு காலியாகக் கிடந்தாலும் நின்றபடிதான் டீ. "உக்காந்தா அப்பால எயுந்துக்க முடியாது சார்" என்பார். ஞாயிற்றுக்கிழமை சின்னமலைக் கோயிலில் பிரசங்கம் ஆரம்பித்ததும் தூங்கிவிடுவாராம். பாதிரியாரும் பாவம் என்று விட்டுவிடுவாராம்.

தியாகராய நகரின் சரித்திரத்தை நான் நூலகத்தில் உட்கார்ந்து படித்தவன். அவருக்கு அந்தச் சிரமம் இல்லை. வால்வில் சாவியை வைத்தாலே எந்த ரோடு எந்தக் காலத்தது என்று சொல்லிவிடுவார். "பீச்சாங்கைப் பக்கம் தெறந்தா வெள்ளக்காரன் போட்டது. சோத்தாங்கைப் பக்கம் தெறந்தா நம்மாளு போட்டது. ரெண்டும் ஒயுவுது." இந்த இடமெல்லாம் ஒரு காலத்தில் ஏரி என்று நான் படித்ததை அவரிடம் அவிழ்த்துவிட்டேன். அவர் நிமிரக்கூட இல்லை. "தெரியும் சார். ஏரியத் தூத்து ரோடு போட்டான், பார்க் போட்டான். இப்ப அந்த ரோட்டுக்கு நான் தண்ணி காட்டிக்கினு கீறேன்."

இரண்டு வருஷமாக மழை ஏமாற்றிவிட்டது. எந்தத் தெருவுக்கு எத்தனை சுற்று என்று மேலிடத்தில் அளவு வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு இருபத்திரண்டு. இதே குழாய் போய் முடிகிற இடத்தில், சைதாப்பேட்டைப் பக்கம், ராஜநாயகம் குடியிருக்கும் தெரு. நாங்கள் குடித்து, குளித்து, குரோட்டன்ஸ் செடிக்கும் ஊற்றியது போக மிச்சம்தான் அங்கே போகும். வீட்டுக்கு இரண்டு குடம் கிடைத்தால் அன்றைக்கு அதிர்ஷ்டம். எங்களுக்கு இரண்டே இரண்டு சுற்றுக் குறைத்தால் அங்கே நாலு குடமாகும். இது அவருக்கும் தெரியும், அவர் மனைவி மர்சலினுக்கும் தெரியும்.

மர்சலினை ஒரு முறை பார்த்தேன். தூக்கில் கஞ்சி கொண்டுவந்தவர் என்னைப் பஞ்சாயத்துக்கு இழுத்துவிட்டார். "நீயே சொல்லு சார். ஊருக்கெல்லாம் தண்ணி உடுது இந்த ஆளு. எங்க பொண்ணு ஆலிசு பிரசவத்துக்கு வந்து கீது. கொயந்த பொறந்தா துணி அலச இன்னா பண்றது? ரெண்டு சுத்து கம்மி பண்ணுய்யான்னா காதுலயே வாங்க மாட்டேங்குது."

ராஜநாயகம் கஞ்சியை நின்றபடியே குடித்து முடித்தார். "ஒரு தபா கை வெச்சா அப்பால கை நிக்காது, மர்சலின்." குரலில் கோபம் இல்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே. கூட இரண்டு சுற்றுத் திறக்கச் சொல்லி எங்கள் தெருக்காரர்கள் தீபாவளிக்கு வேட்டி நீட்டியபோதும் இதே பதில்தான் சொன்னார். நீட்டியவர்களில் நானும் ஒருவன். இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை வந்தபோது அவர் கண்கள் சிவந்திருந்தன. ஆலிசுக்குப் பெண் குழந்தை. "இன்னிக்கு ஆஸ்பத்திரிலேந்து ஊட்டுக்கு இட்டாராங்க சார்" என்றார். மூடியைத் தூக்கிவைத்துச் சாவியை இறக்கினார். வழக்கம்போல நானும் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். பத்தில் நின்றார். பிறகு பதினெட்டு, பத்தொன்பது, இருபது. கை அப்படியே நின்றுவிட்டது.

"எத்தினி சார் ஆச்சு?"

பத்தொன்பது வருஷமாக எண்ணிக்கை தவறாத மனுஷர் என்னைக் கேட்கிறார். எங்கள் மாடித் தொட்டியின் அடியில் கையளவு தண்ணீர்தான் கிடந்தது. மத்தியானம் என் மாமியார் வேறு வருவதாக இருந்தது. உடனே பதில் சொன்னேன் என்று பொய் சொல்லமாட்டேன். ஒரு பஸ் வந்து, நின்று, போயிற்று.

"இருபத்திரண்டு" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். "ஒங்க மாடிக்கு ஏறாதே சார்."

"தெரியும்."

சாவியை உருவி வேலியில் சாய்த்தார். மூடியைப் போட்டு, காலால் மண்ணைத் தள்ளினார். உஸ்மான் ரோட்டு முனையில் அடுத்த வால்வு காத்திருந்தது. தோளிலிருந்த துண்டை எடுத்து உதறினார். அதை அந்த மூடியின் மேல் விரித்து, முழங்காலைப் பிடித்தபடி மெல்ல உட்கார்ந்தார்.