செத்த செடியை அழிக்க விடாத சகுந்தலா மேடம்

செம்பருத்திப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது பெரம்பலூர் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. "பெரியம்மா, அம்மா போயிட்டாங்க" என்றான் சகுந்தலா மேடத்தின் மகன். குழாயை மூடக்கூடத் தோன்றவில்லை எனக்கு.

அரியலூர்க் கல்லூரித் தோட்டத்தில் எங்களோடு வேலை பார்த்தவர்களே, இரங்கல் கூட்டத்தில் மேனேஜர் பேசியதைக் கேட்டீர்கள் அல்லவா? "அதிர்ந்து பேசாத சாந்த சொரூபி" என்றார். யாரைச் சொன்னார்? தோட்டத்துச் செடிகளையெல்லாம் கம்ப்யூட்டரில் பதிந்து வைத்த நம் மேடத்தையா? அவர் கத்தினால் கேட்டுக்கு வெளியே டீ குடிப்பவர் திரும்பிப் பார்ப்பாரே!

ஐந்தாவதோடு நின்ற எனக்கும் அந்த மென்பொருளில் தேடிப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். இன்ஜினியரிங் படிக்கும் என் பேத்தியே, நான் தேடும் வேகத்தைப் பார்த்து வாயைப் பிளந்தாள். செடிக்கு ஒரு நம்பர், தந்தவர் பெயர், நட்ட இடம். செத்தால் காரணம். "அழிக்காதீங்க. செத்துச்சுன்னு எழுதுங்க. இல்லன்னா அதே தப்பத்தான் திரும்பப் பண்ணுவோம்" என்பார்.

ஒருமுறை விருந்தாளிகள் வருகிறார்கள் என்று, தோட்டத்து மூலையில் காய்ந்துபோன செண்பகத்தின் இடத்தில் புதுக்கன்றை நட்டு, பழைய நம்பர் தகட்டையே கட்டச் சொன்னார் மேனேஜர். மேடம் பார்த்துவிட்டார். "செத்த தாத்தா பேரப் பேரனுக்கு வைக்கலாம் சார், நம்பர வைக்காதீங்க! அப்புறம் இதுல யாரு உசுரோட இருக்கான்னு யாருக்குத் தெரியும்?" மேனேஜரே குனிந்து அவிழ்த்தார். அந்தக் கன்றும் பிழைக்கவில்லை. 'சுண்ணாம்பு மண். இலை மஞ்சளாகிக் காய்ந்தது' என்று இரண்டுக்கும் மேடம் பதிந்துவைத்தார்.

கூட்டம் முடிந்ததும் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "மேடம் நினைவா அந்த மூலையில ஒரு செண்பகம் வைக்கிறோம். குழி எடுத்துடுங்கம்மா."

"அங்க ரெண்டு செத்துருக்கு சார். கம்ப்யூட்டர்ல பாருங்க."

"செத்ததையெல்லாம் திங்கக்கிழம எடுத்துடப் போறோம். வர்றவங்க பாக்கற லிஸ்ட்டு, சுத்தமா இருக்கட்டும்."

சுத்தமாம்! இங்கே செண்பகம் பிழைக்காது என்று மேடமே எழுதிவைத்த மண்ணில், மேடம் பெயரிலேயே ஒரு செண்பகமாம்! நாளைக்கு அதுவும் காய்ந்தால், ஏன் என்று சொல்ல ஒரு வரிகூட மிஞ்சாது.

நான் மண்வெட்டியைத் தொடவில்லை. "வேம்பு வைங்க, வரும். செண்பகத்துக்கு வேற ஆளப் பாருங்க" என்று சொன்னேன், ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி.

மேடத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தத் தொண்டையைத்தான். திங்கட்கிழமை காலை கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரப்போகிறேன். என்னை எழுப்பிவிட்டு அழிக்கட்டும், பார்க்கலாம்.