சாப்பிடக் கூப்பிட்ட குற்றம்

என் ஓரகத்தியைப் பல்கலைக்கழகத்துக்குள் விடக்கூடாது என்று ஆணை போட்டிருக்கிறார்கள். அந்த ஆணையை டைப் அடித்தவள் நான். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டால்தான் எனக்கு மேற்கொண்டு எழுத வரும். இல்லாவிட்டால் கோபத்தில் எதை முதலில் சொல்வது, எதைப் பிறகு சொல்வது என்றே தெரியாமல் போய்விடும்.

அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என் கணவரின் அண்ணன் மனைவி. ஒரே வீட்டில் அவர்கள் கீழே, நாங்கள் மாடியில். கல்யாணமாகி வந்த புதிதில் இந்த அம்மாளோடு எப்படிக் காலம் தள்ளப்போகிறோம் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் நிற்பவரிடம் பேசினாலும் தெருமுனையில் நிற்பவரிடம் பேசுவது போலத்தான் பேசுவார். அவரிடம் ரகசியம் என்று எதையாவது சொன்னால் பக்கத்து வீட்டுக்காரர் பதில் சொல்வார். ஆனால் உள்ளே ஒன்று வைத்துக்கொண்டு வெளியே ஒன்று பேசத் தெரியாத மனுஷி. அது புரிய எனக்கு ஒரு வருடம் ஆனது.

அக்காவின் கணவர், பெரிய அத்தான், லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு விபத்தில் இடுப்பு போய்விட்டது. அதற்குப் பிறகு அக்கா பெண்கள் ஹாஸ்டல் மெஸ்ஸில் வேலைக்குப் போனார். முதலில் பாத்திரம் கழுவினார், பிறகு காய் நறுக்கினார், கடைசியில் பரிமாறும் இடத்துக்கு வந்தார். கரண்டி கைக்கு வந்த அன்று வீட்டுக்கு வந்து, "இன்னைலேருந்து நான் ஆபீசர்" என்று அறிவித்தார். நான் அதே பல்கலைக்கழகத்தின் மாணவர் நல அலுவலகத்தில் டைப்பிஸ்ட். அதனால் என்னைக் 'கோட்டு போடாத கலெக்டர்' என்று கிண்டல் செய்வார். நாங்கள் உறவு என்பது அங்கே யாருக்கும் தெரியாது. சமையல்கட்டிலிருந்து வருகிறவர்களின் முகத்தை எங்கள் அலுவலகத்தில் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

மெஸ்ஸில் ஆளுக்கு இத்தனை கரண்டி என்று கான்ட்ராக்டர் ஒரு அளவு வைத்திருந்தார். வளர்கிற பிள்ளைகளுக்கு அது பல்லிடுக்குக்குக்கூடக் காணாது. எல்லோருக்கும் ஒரு சுற்று பரிமாறி முடிந்ததும் அண்டாவில் மிச்சம் இருக்கும். அக்கா கரண்டியால் அண்டா விளிம்பில் டங் டங் என்று தட்டுவார். இன்னும் சோறு இருக்கிறது, வேண்டுமென்பவர்கள் வரலாம் என்று அர்த்தம். மாடி அறைகளுக்குப் போய்விட்ட பெண்கள்கூடத் தட்டைத் தூக்கிக்கொண்டு தடதடவென்று இறங்கி வருவார்கள். மிச்சத்தை ராத்திரிக்கு ஓட்டலாம் என்று கணக்குப் போட்டிருந்த கான்ட்ராக்டருக்கு இது பிடிக்கவில்லை. இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போன வருடம் ஆண்கள் ஹாஸ்டலில் பையன்கள் சாப்பாடு சரியில்லை என்று தட்டைத் தட்டி ஆர்ப்பாட்டம் செய்தார்கள். உடனே ஒரு குழு போட்டார்கள். குழு ஏசி அறையில் உட்கார்ந்து விதிகள் எழுதியது. தலைப்பு என்ன தெரியுமா? 'வளாகத்தில் கருத்துச் சுதந்திரத்தைப் பேணுவதற்கான நெறிமுறைகள்.' அடிக்கும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது. இருபத்தைந்து பேருக்கு மேல் கூடினால் ஒரு வாரம் முன்னதாக அனுமதி வாங்க வேண்டும். கோஷங்களை எழுதிக் கொடுத்து ஒப்புதல் பெற வேண்டும். கூடுவதற்கென்று தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஓர் இடம், அங்கே மட்டும்தான். மைக், மேளம், பாத்திரம் எதனாலும் சத்தம் எழுப்பக்கூடாது. இந்த லட்சணத்தில் சுதந்திரத்தைப் பேணுகிறார்களாம். பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியையும் இடுப்பில் செருகிக்கொள்வதற்குப் பெயர் பேணுவது என்றால், பேணத்தான் செய்தார்கள்.

இந்த வருடம் பெண்கள் ஹாஸ்டலில் தண்ணீர் கெட்டது. குழாயைத் திறந்தால் நாற்றம். ஒருத்திக்கு மஞ்சள் காமாலை வந்தது, பிறகு அடுத்தவளுக்கு, பிறகு ஒரு தளம் முழுக்க. கடைசி வருடம் படிக்கிற ஒரு பெண், தடித்த கண்ணாடி போட்டிருப்பாள். அக்கா அவளைக் 'கண்ணாடி' என்றுதான் கூப்பிடுவார். அவளுடைய அறைத்தோழியைத் தீவிர சிகிச்சையில் சேர்த்துவிட்டார்கள். கண்ணாடி ஓடாத இடமில்லை, பார்க்காத ஆளில்லை. யாரும் அசையாததால், கூட்டம் கூட அனுமதி கேட்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள்.

'எங்களுக்கு நல்ல தண்ணீர் வேண்டும்' என்று கோஷம் எழுதிக் கொடுத்திருந்தாள். இப்போது தருவது கெட்ட தண்ணீர் என்ற தோற்றத்தை இது உண்டாக்குகிறது என்று மாணவர் நல டீன் திருப்பி அனுப்பினார். 'எங்களுக்குத் தண்ணீர் வேண்டும்' என்று மாற்றிக் கொண்டுவந்தாள். குழாயில்தான் தண்ணீர் வருகிறதே, இது உண்மைக்குப் புறம்பானது என்று அதையும் திருப்பினார்கள். மூன்றாவது தடவை கோஷமே வேண்டாம், சும்மா நிற்கிறோம் என்று கேட்டாள். ஒதுக்கிய இடத்தில் தொட்டி கசிந்து சேறாகிக் கிடக்கிறது, காய்ந்த பிறகு விண்ணப்பிக்கவும் என்று பதில் வந்தது. எந்தத் தொட்டித் தண்ணீரைக் குடித்து அந்தப் பெண்கள் படுத்திருக்கிறார்களோ அதே தொட்டி. வயிறு எரியுமா எரியாதா?

அதன்பிறகு அந்தப் பெண் விதியைப் படித்தாள். வரிவரியாகப் படித்தாள். இருபத்தைந்து பேருக்கு உட்பட்டால் அனுமதி தேவையில்லை. ஆகவே ஆட்களை எண்ணிப் பொறுக்கி, மத்தியானம் மெஸ் முற்றத்தில் கையில் காலி டம்ளரோடு நின்றார்கள். கோஷம் கிடையாது, பேச்சே கிடையாது. பாதுகாப்பு அதிகாரி போன் கேமராவோடு வந்து தலைகளை எண்ணினார், மறுபடி எண்ணினார். பிடிக்க ஒன்றும் கிடைக்காமல் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

அக்கா உள்ளே பரிமாறிக்கொண்டிருந்தார். முற்றத்தில் பெண்கள் நிற்பது அவருக்குத் தெரியும், ஆனால் எத்தனை பேர், எதற்கு அந்தக் கணக்கு என்பதெல்லாம் தெரியாது. ஒரு சுற்று முடிந்தது. அண்டாவில் சோறு இருந்தது. கை பழக்கத்தில் கரண்டியை எடுத்துத் தட்டினார்.

மூன்று மாடியும் இறங்கி வந்தது. அந்த முற்றத்தைத் தாண்டித்தான் மெஸ்ஸுக்குள் வர வேண்டும். நின்றுகொண்டிருந்த தோழிகளைப் பார்த்ததும் வந்தவர்களும் அப்படியே நின்றுவிட்டார்கள். பாதுகாப்பு அதிகாரி நாற்காலியை உதைத்துவிட்டு எழுந்து படம் பிடித்தார். அனுமதியில்லாத கூட்டம், பாத்திரத்தால் எழுப்பிய சத்தம், எல்லோர் கையிலும் தட்டோ டம்ளரோ. அவர் தேடிய எல்லாமே ஒரே நேரத்தில் கிடைத்துவிட்டது. மெஸ்காரப் பெண்மணி சமிக்ஞை கொடுத்து முந்நூறு பேரைத் திரட்டினார் என்று அறிக்கை வந்தது. பத்துப் பன்னிரண்டு வருடமாக அந்த வளாகத்தில் இருக்கிற ஒரு அதிகாரிக்கு, பிள்ளைகளைச் சோற்றுக்குக் கூப்பிடும் சத்தம் இன்னதென்று தெரியவில்லை. அவர் ஒரு நாளும் அந்த நேரத்தில் அந்தப் பக்கம் வந்ததில்லை.

அக்கா மேலும் கண்ணாடி மேலும் விசாரணை வைத்தார்கள். அதற்கு முதல் நாள் சாயங்காலம் கான்ட்ராக்டர் வீட்டுக்கு வந்தார். கண்ணாடி சொல்லித்தான் தட்டினேன் என்று அக்கா ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம். அக்காவின் வேலை தப்பும். அந்தப் பெண்ணைப் பரீட்சைக்கு முன்பே வெளியே அனுப்பிவிடுவார்கள். அவர்களுக்கு வேண்டியது அவள்தான், நீங்கள் ஏன் நடுவில் மாட்டிக்கொள்கிறீர்கள் என்று இதமாகப் பேசினார். அவர் போனதும் பெரிய அத்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"யாரோ பெத்த பொண்ணுக்காக நம்ம வீட்டு அடுப்பை அணைக்கப் போறியா?" என்றார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருடைய மாத்திரைகூட அக்கா சம்பளத்தில்தான் வருகிறது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். அன்றைக்கு அந்த வீட்டில் அவர் குரலே கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் டீன் அறையில் டீனும் பாதுகாப்பு அதிகாரியும் உட்கார்ந்திருந்தார்கள். குறிப்பெடுக்க நான் ஓரத்தில் இருந்தேன். அக்காவுக்கு நாற்காலி போடவில்லை.

"யார் சொல்லித் தட்டினீங்க?" என்று டீன் கேட்டார்.

"அண்டாவுல சோறு மிச்சம் இருந்துச்சுங்க."

"அதைக் கேக்கலைம்மா. யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லலைங்க. தினமும் தட்டுறதுதான்."

பாதுகாப்பு அதிகாரி போனை நீட்டிப் படத்தைக் காட்டினார். தினமும் தட்டுவதாக இருந்தால் அன்றைக்கு மட்டும் எப்படி இவ்வளவு கூட்டம் வந்தது என்று கேட்டார்.

"தினமும் இவ்ளோ பேருதாங்க வருவாங்க. நீங்க தினமும் படம் புடிக்கிறதில்ல," என்றார் அக்கா.

நான் குனிந்துகொண்டேன். டீன் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒன்று அந்த மாணவி தூண்டினாள், அல்லது இவராகவே செய்தார், மூன்றாவதாக ஒன்று கிடையாது என்று விளக்கினார். மூன்றாவதாக ஒன்று அவர் கண்ணெதிரே நின்றுகொண்டிருந்தது. பசி என்று அதற்குப் பெயர். படித்த மனுஷர், அது அவர் அகராதியில் இல்லை.

அக்கா அப்போதுதான் முதல் தடவையாக என் பக்கம் பார்த்தார். யோசனை கேட்கிற பார்வை இல்லை. வீட்டில் போய்ச் சொல்லிவிடு என்கிற மாதிரி ஒரு பார்வை.

"என் பேர்லயே எழுதிக்குங்க சார். கூப்பிட்டது நான்தான். அந்தப் பொண்ணுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

"வேலை போயிடும்மா. யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுட்டேன் சார். நான் வேற எங்கயாவது பாத்திரம் கழுவிக்குவேன். அது படிப்பு போனா திரும்ப எங்க போய்ப் படிக்கும்?"

கையெழுத்துப் போட்டார். கண்ணாடியின் மேல் வைத்த விசாரணையை ஒரு எச்சரிக்கையோடு முடித்துவிட்டார்கள். வேறு வழியில்லை, அவர்கள் வைத்திருந்த ஒரே சாட்சி அக்கா. கான்ட்ராக்டர் அன்றைக்கே அவரை நிறுத்திவிட்டார். நிறுத்தியது போதாதென்று, வளாகத்துக்குள்ளேயே நுழையத் தடை என்று ஒரு ஆணையும் எழுதி என் மேஜைக்கு அனுப்பினார்கள்.

'அனுமதியின்றி ஒலி எழுப்பி மாணவியரைத் திரட்டியதற்காக' என்று அதில் காரணம் எழுதியிருந்தது. நான் அதைப் படித்தேன். திரட்டினாராம். பெற்றவர்கள் நம்பி அனுப்பிய பெண்களுக்கு விஷத்தண்ணீர் கொடுத்தவர்கள் மேல் ஒரு துண்டுக் காகிதம்கூட இந்த மேஜைக்கு வரவில்லை. சோறு போட்டவர் மேல் வந்திருக்கிறது. அந்த வரியை விட்டுவிட்டு, 'மாணவியரை இரண்டாம் முறை சாப்பிட அழைத்ததற்காக' என்று அடித்தேன். டீன் வழக்கம்போலப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். சீல் குத்தி எல்லா ஹாஸ்டல் போர்டிலும் ஒட்டினார்கள். ஒரு பிரதியை அக்காவிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கினார்கள்.

பெண்கள் அதைப் படமெடுத்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டார்கள். மத்தியானத்துக்குள் பெற்றோர்களிடமிருந்து போன் மேல் போன். டீன் என்னைக் கூப்பிட்டுக் கத்தினார். இதில் எந்த வார்த்தை பொய் என்று கேட்டேன். அன்றைக்கே என்னைப் பழைய காகிதக் கட்டுகள் கிடக்கும் அறைக்கு மாற்றினார். அடுத்த வாரம் தொட்டியைக் கழுவினார்கள். அறைத்தோழி பிழைத்துவிட்டாள், ஆனால் படிப்பில் அந்த வருடம் போயிற்று. கண்ணாடி பரீட்சை எழுதினாள்.

திருத்திய ஆணையை எடுத்துக்கொண்டு பாதுகாப்பு அதிகாரியே எங்கள் வீட்டுக்கு வந்தார். பழையதைக் கொடுத்துவிட்டு இதில் கையெழுத்துப் போடச் சொன்னார். அக்கா எழுத்துக்கூட்டி முழுவதையும் படித்தார். 'திரட்டியதற்காக' என்று மறுபடி போட்டிருந்த இடத்தில் நின்று இன்னொரு தடவை படித்தார்.

"இதுல போட மாட்டேங்க. நான் செஞ்சது அதுல இருக்கு. அதுல போட்டாச்சு," என்று காகிதத்தை மடித்து அவர் கையிலேயே கொடுத்தார். வீட்டு ஆம்பளைங்க யாராவது சொல்லுங்க என்று அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். பெரிய அத்தான் படுக்கையிலிருந்தபடியே, அவ சொன்னா சொன்னதுதான் சார் என்றார்.

அக்கா இப்போது ஒரு ஆஸ்பத்திரி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறார். கரண்டியைக் கையில் தர அங்கே இன்னும் யாருக்கும் மனம் வரவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை. இந்த அநியாயத்தைக் கேட்க வழியே இல்லையா என்று என் கணவர் கேட்டார். இருக்கிறது. பழைய ஆணையிலும் சரி, திருத்தியதிலும் சரி, கடைசி வரி ஒன்றுதான். மேல்முறையீடு செய்ய விரும்புகிறவர் வளாகத்தில் உள்ள மாணவர் நல அலுவலகத்துக்கு நேரில் வந்து விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அந்த வரியையும் நான்தான் அடித்தேன். அதில் ஒரு எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை. மாற்ற வேண்டிய தேவையே இருக்கவில்லை.