தீவட்டிக்காரர் டிவியில் வந்த ஞாயிறு

படகுத்துறைப் பக்கம் நின்றிருந்த பெரிய தூங்குமூஞ்சி மரம் காற்றில் சாய்ந்து என் மெயின் கேபிளை அறுத்துப் போட்டதே, அதற்கு அடுத்த ஞாயிறு நடந்தது இது. வருஷம் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கொரோனா ஒழிந்து ஜனங்கள் முகமூடியைக் கழற்றிய பிறகு வந்த மழைக்காலம். அந்த மரத்தில் ஏகப்பட்ட காக்கைகள் குடியிருந்தன. மரம் போனதும் எல்லாம் என் கேபிள் மேல் வந்து உட்கார்ந்தன. அதனால் நான் பட்ட பாடு தனிக் கதை. அதை விடுங்கள்.

நான் முருகேசன். கொச்சி மட்டாஞ்சேரியில் கேபிள் டிவி லைன்மேனாக இருந்தவன். பள்ளிக்கூடம் போனதில்லை. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். இப்போது ஃபைபர் இழுக்க வருகிற பிள்ளைகளுக்காகத்தான் சொல்கிறேன். கனெக்டர் மாட்டக் கற்றுக்கொள்ள ஆள் இருக்கிறது. வீட்டுக்குள் போனால் எப்படி நடந்துகொள்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

ஆன்டெனா காலம்

கேபிள் வருவதற்கு முன்னால் நான் ஆன்டெனா மாட்டினேன். ஓட்டு மேல் நின்று குழாயைத் திருப்புவேன். கீழே இருந்து வீடே கத்தும். "வந்துச்சு... ஐயோ, போச்சு! பழையபடி திருப்புங்க!" படம் தெளிந்ததும் மேலே இருக்கிற என்னை மறந்துவிடுவார்கள். ஏணியை எடுத்துக்கொண்டு போய் அதன் மேல் நின்று ஜன்னல் வழியாக டிவி பார்த்தவர்களும் உண்டு. நான் ஓட்டிலேயே உட்கார்ந்து கிடப்பேன். அப்போதிருந்தே எனக்கு ஒரு பழக்கம். டிவியைப் பார்க்க மாட்டேன். டிவி பார்க்கிறவர்கள் முகத்தைப் பார்ப்பேன். அதில்தான் கதை ஓடும்.

நான் சொல்ல வந்த சமயத்தில் எல்லா முகத்தையும் பிடித்து வைத்திருந்தது ஒரு நிகழ்ச்சி. சினிமாக்காரர்கள், பாட்டுக்காரர்கள், பந்து விளையாடுகிறவர்கள் எல்லாம் தங்கள் கொள்ளுத்தாத்தாவைத் தேடிப் போவார்கள். ஏதாவது ஒரு பழைய வீட்டு வாசலில் நின்று அழுவார்கள். அவர்கள் அழுதால் எங்கள் கொச்சங்காடித் தெருவே அழும். மறுநாள் சாயாக்கடையில் ஆளாளுக்குத் தன் பூர்வீகத்தை எடுத்து விடுவார்கள். ஒருத்தருக்குத் தளபதி, இன்னொருத்தருக்குக் கப்பல் முதலாளி. சாயாக்கடை கபூர்க்கா சோர்ந்து போய்க் கேட்டார்:

"எல்லாரோட தாத்தாவும் ராஜா கூட உக்காந்து சாப்பிட்டிருக்காங்களே. அப்போ அந்த இலையெல்லாம் எடுத்தது யாரப்பா?"

எல்லாரும் கிளாஸைத் தூக்கிச் சாயா குடித்தார்கள்.

சிப்ஸ் வந்த சாயா

சனிக்கிழமை, கோமதி வீட்டுப் பின்சுவர் ஓரமாக அறுந்த லைனை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். எங்களைப் போலவே தமிழ் பேசுகிற குடும்பம். வீட்டுக்காரர் மாணிக்கம், மிளகுத் தரகர். ஒரே பெண் சுகன்யா. அவளுக்குத் திருப்பூணித்துறையில் சம்பந்தம் பேசி முடித்திருந்தார்கள். தேதி மட்டும் குறிக்கவில்லை.

"முருகேசண்ணா, இறங்கி ஒரு சாயா குடிங்க," என்றாள் கோமதி.

சாயாவோடு நேந்திரங்காய் சிப்ஸும் வந்தது. லைன்மேனுக்கு வெறும் சாயா வந்தால் மரியாதை. சிப்ஸ் வந்தால் காரியம்.

"நாளைக்கு ஏழு மணிக்கு எங்க வீட்டு லைன் போயிடணும்ண்ணா."

"போயிடணுமா? லைன் வரலைன்னுதான் ஊரே என்னைத் திட்டும். போகணும்னு கேட்ட முதல் ஆளு நீதான் தங்கச்சி."

அவள் சிரிக்கவில்லை. முந்தானையைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். அந்த நிகழ்ச்சியில் இந்த வாரம் வருகிற நடிகர் அவளுடைய பெரியப்பாவின் பேரன். அவர் தேடிப் போகிற கொள்ளுத்தாத்தா, கோமதிக்குச் சொந்தத் தாத்தா.

"நல்ல விஷயம்தானே? வித்வான்னு சொல்லுவியே. அரண்மனையில மிருதங்கம் வாசிச்சவர்."

"எங்கப்பா அப்படித்தான் சொல்லுவார். நாங்களும் சொல்லிச் சொல்லி அதுவே நெசமாயிடுச்சு. ஷூட்டிங் முடிஞ்சு நடிகரோட தங்கச்சி ஃபோன் பண்ணுச்சு. அவர் வித்வான் இல்லையாம்ண்ணா. உத்ஸவத்துல ஆனைக்கு முன்னாடி தீவட்டி பிடிச்சவராம்."

"சரி, அதுக்கென்ன?"

"அதுக்கென்னவா? பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே இவர் அவங்ககிட்ட வித்வான் கதையை அரை மணி நேரம் அளந்தாச்சு. சம்பந்தியம்மா இந்த நிகழ்ச்சியை ஒரு வாரம் விடமாட்டாங்க. நாளைக்கு இங்கேயே வந்து எல்லாரும் சேர்ந்து பாக்கலாம், அப்படியே தேதியும் குறிக்கலாம்னு சொல்லிட்டாங்க. பொய் சொல்லி ஏமாத்தின குடும்பம்னு எந்திரிச்சுப் போயிட்டா? என் பொண்ணு அந்தப் பையனை மனசுல வெச்சுட்டாண்ணா."

"மாணிக்கத்துக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சா நாளைக்கு அவங்க முகத்தைப் பாக்கவே மாட்டார். தேதி மட்டும் குறிச்சுடட்டும். அப்புறம் தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகுது."

எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் கனெக்‌ஷன் மாணிக்கம் பேரில் இருக்கிறது. அவர் அறியாமல் அவர் வீட்டு லைனில் நான் கை வைக்க முடியாது. அதைச் சொன்னேன். அவள் சிப்ஸ் தட்டை எடுத்து உள்ளே கொண்டு போய்விட்டாள்.

காக்கை மேல் போட்ட பழி

மறுநாள் சாயங்காலம் ஏழு மணி ஆகப்போகிற நேரம். மழை பிடிக்கிற மாதிரி இருந்தது. ஃபோனில் கபூர்க்கா கத்தினார்.

"எடோ முருகேசா! சந்து முழுக்க லைன் இல்லடா! நம்ம சந்தோட சொந்தக்காரன் டிவியில வர்ற நாளு, இன்னிக்குத்தானா உன் கேபிளு சாகணும்?"

ஏணியை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு போனேன். கோமதி வீட்டுப் பின்சுவரில்தான் அந்தச் சந்துக்கான பெட்டி இருக்கிறது. பெட்டிக்குள் ஒரு தடித்த வயர் சிக்னலைக் கொண்டு வரும். அதிலிருந்து மெல்லிய வயர்கள் பிரிந்து வீட்டுக்கு வீடு போகும். பெட்டியைத் திறந்தால் தடித்த வயர் கழன்று தொங்குகிறது. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அதன் மேல் உடைந்த வளையல் துண்டு ஒன்று.

எனக்கு எல்லாம் விளங்கியது. பெட்டி தன் வீட்டுச் சுவரில் இருக்கிறது, அதனால் பெரிய வயர்தான் தன் வீட்டுக்குப் போகிறது என்று கோமதி நினைத்துவிட்டாள். தன் வீட்டு டிவியை அணைக்கப் போய்ச் சந்து முழுவதையும் அணைத்துவிட்டாள்.

வளையல் துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அதற்குள் சந்து ஜனம் பூராவும் என் ஏணியைச் சுற்றி நின்றது. ஆளுக்கொரு சத்தம்.

"என்ன ஆச்சு?" என்றார் கபூர்க்கா.

"காக்காதான். மரம் போனதுல இருந்து அதுங்களுக்கு உக்கார இடம் இல்ல."

"கனெக்டரைத் திருகிக் கழட்டத் தெரிஞ்ச காக்காவா? நல்லாப் படிச்ச காக்கா போலிருக்கு."

அடுக்களை ஜன்னலில் கோமதியின் முகம் தெரிந்தது. வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். சத்தமே இல்லாமல், வேண்டாம், வேண்டாம். வயர் என் கையில் இருந்தது. இந்த வேலையில் எத்தனையோ கம்பத்தில் ஏறியிருக்கிறேன். அன்றைக்கு அந்த நாலு படி ஏணியில் ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் நின்றேன். அவளை நினைத்தால் வயரைக் கீழே போட வேண்டும். பின்னால் நிற்கிற சந்து ஜனத்தை நினைத்தால் மாட்ட வேண்டும்.

மாட்டினேன். எல்லா வீட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் "வந்துச்சு!" என்று சத்தம். ஆன்டெனா காலத்துக்குப் பிறகு அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை. அதைக் கேட்டு அன்றைக்கு எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

அந்த நிமிஷமே மழை கொட்டியது. மாணிக்கம் வாசலுக்கு ஓடி வந்து கையை வீசி எல்லாரையும் கூப்பிட்டார்.

"எங்கே ஓடறீங்க? எல்லாரும் உள்ளே வாங்க! நம்ம வித்வான் வர்ற நேரம்!"

தொடையில் தாளம்

சிக்னல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க நானும் உள்ளே போனேன். சோபாவில் சம்பந்தியம்மா திலகம், பட்டுப்புடவையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் வீட்டுக்காரர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனிதர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். டிவியில் வந்தது சோப்பு விளம்பரம். அதற்கும் தாளம். அடுத்தது சிமெண்ட் விளம்பரம். அதற்கும் விடவில்லை. நெற்றியில் வியர்வை.

நிகழ்ச்சி தொடங்கியது. வழக்கம்போல நான் டிவியைப் பார்க்கவில்லை. நடிகர் திருப்பூணித்துறையில் வயசான கோயில் ஊழியர் ஒருவரிடம் கேட்கிற குரல் காதில் விழுந்தது. கொள்ளுத்தாத்தா எங்கே உட்கார்ந்து வாசிப்பார் என்று கேட்டார்.

அந்தப் பெரியவர் சொன்னார். "வாசிக்கறதா? அவர் தீவட்டி பிடிச்ச ஆளு மோனே. கையெல்லாம் எண்ணெய் தெறிச்ச வடு. அவர் முன்னாடி நடந்தா ஆனை மிரளாது. அதுக்காகவே அவரைத் தேடிக் கூப்பிடுவாங்க."

நடிகர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுகிற சத்தம். மாணிக்கத்தின் வாய் திறந்தபடி நின்றது. அடுக்களை வாசலில் கோமதி சாயாத் தட்டோடு நின்றாள். சுகன்யா தலையைக் குனிந்துகொண்டாள். நான் திலகம் அம்மா முகத்தைப் பார்த்தேன். எல்லாரும் அங்கேதான் பார்த்தார்கள்.

அந்தம்மா மெதுவாகத் தன் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். கண்டக்டரின் கை தொடைக்கு மேலே அந்தரத்தில் நின்றிருந்தது.

"அப்போ இனிமே நான் தாளம் போட வேண்டாமே?" என்றார் அவர்.

அந்தம்மா சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"வித்வான் வீடுன்னு கேட்ட நாள்ல இருந்து எனக்கு உறக்கமே இல்லம்மா," என்றார் கோமதியைப் பார்த்து. "எங்க மாமனார் உத்ஸவப் பறம்புல, கோயில் மைதானத்துல, கடலை வறுத்து வித்தவர். நீங்க ராகம் கீகம்னு பேச ஆரம்பிச்சா எங்களுக்கு என்ன தெரியும்? அதான் இவருக்குக் கச்சேரியெல்லாம் போட்டுக் கேக்க வெச்சேன்."

"கேக்க வெச்சாளா? சோறு போடமாட்டேன்னுட்டா!" என்றார் கண்டக்டர். "பஸ்ஸுல விசில் அடிச்ச ஆளு நான். ரெண்டு அடிச்சா போகணும், ஒண்ணு அடிச்சா நிக்கணும். எனக்குத் தெரிஞ்ச தாளம் அவ்வளவுதான்."

கபூர்க்கா வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். "அப்போ இவங்க தாத்தா பிடிச்ச வெளிச்சத்துலதான் உங்க மாமனார் கடலை வித்திருக்கார். கணக்கு நேராயிடுச்சு. தேதியைக் குறிங்கப்பா, மழை விடப் போகுது!"

கோமதி தட்டைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாணிக்கம் இன்னும் தெளியவில்லை. "அப்போ வித்வான்?" என்றார்.

"இந்த வீட்ல வித்வான் நீங்க ஒருத்தர்தான். சும்மா இருங்க," என்றாள் அவள்.

அன்றைக்கே தேதி குறித்தார்கள். மறுநாள் சாயாக்கடையில் வேறு மாதிரிப் பேச்சு. ஒருத்தரின் தாத்தா கயிறு திரித்தவர். இன்னொருத்தரின் தாத்தா படகில் தண்ணீர் இறைத்தவர். தளபதியும் கப்பல் முதலாளியும் போன இடம் தெரியவில்லை. கபூர்க்காவே தன் உப்பாவின் உப்பா, அதாவது தாத்தா, சுக்கு மூட்டை அடுக்குகிற கிட்டங்கியில் எலி பிடித்தவர் என்று சொன்னார். அது மட்டும் பொய் என்று நினைக்கிறேன். பேச்சில் பின்தங்கக் கூடாது என்று சொன்னது.

வளையல் துண்டைக் கோமதியிடம் ரகசியமாகக் கொடுத்தேன். நான் மூச்சு விட்டிருக்க மாட்டேன். கல்யாணப் பந்தியில் அவளே ஸ்டூல் ஏறின கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அதனால்தான் நானும் இப்போது சொல்கிறேன். எனக்கு அன்றைக்கு இரண்டு பங்கு பிரதமன் பாயசம் விழுந்தது.

ஃபைபர் இழுக்கிற பிள்ளைகளே, ஒரு வீட்டில் உங்களைக் கூப்பிட்டு, இந்த நேரத்துக்கு லைன் வேண்டாம் என்று யாராவது கண் கலங்கினால், அவர்களைக் கேலி செய்யாதீர்கள். வெளியே போய்ச் சொல்லவும் செய்யாதீர்கள். கண்ணில் பட்டதைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் வயரை மாட்டிவிடுங்கள். எதிரே சோபாவில் உட்கார்ந்திருப்பவரும் அதே பயத்தோடு தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கலாம். இதை நான் தெரிந்துகொள்ள இவ்வளவு வயசு ஆனது. நாளைக்கு உங்களுக்கு ஏணி பிடிக்க ஒருத்தன் வருவான். அவனிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.