காட்டுப் படுதாவில் ஓர் எல்லைக்கல்

என் நாட்குறிப்புகளில் அந்த ஒரு ஆடி மாதத்துப் பக்கங்கள் மட்டும் அழுக்காக இருக்கின்றன. காவிப்பொடியும் வச்சிரப் பசையும் ஒட்டிய விரல்களோடு எழுதியவை. மற்ற மாதங்களில் ஒரு மைத்துளிகூடச் சிந்தியதில்லை. அது என் பழைய உத்தியோகம் கொடுத்த பழக்கம்.

கம்பத்தில் மராமத்து இலாகா ஆபீசில் பதினான்கு வருஷம் டிரேசராக இருந்தேன். பெரியாற்றுத் தண்ணீர் ஓடும் வாய்க்கால்களின் வரைபடங்களை மெல்லிய துணியில் மையால் படியெடுப்பது வேலை. கோடு ஒரு மயிரிழை விலகினால் யாருடைய வயலோ வாய்க்காலுக்குள் போய்விடும். அந்த வேலையை வெறுத்தேன் என்று சொன்னால் பொய். கை சுத்தமான வேலை, ஊரில் மரியாதை. ஆனால் படியெடுப்பவன் எப்போதும் இன்னொருவர் போட்ட கோட்டின் மேலேதான் போக வேண்டும்.

எனக்கு ஒன்பது வயதில் வீரபாண்டித் திருவிழாவில் முதல் நாடகம் பார்த்தேன். எல்லோரும் ராஜாவைப் பார்த்தார்கள். நான் ராஜாவுக்குப் பின்னால் தொங்கிய படுதாவைப் பார்த்தேன். அரண்மனை எழுதிய துணி சுருண்டு மேலே போனது, தோட்டம் எழுதிய துணி கீழே இறங்கியது. மனிதர்கள் நின்ற இடத்திலேயே நிற்க, ஊர் மாறிவிட்டது. அதை எழுதுகிற ஆளாக வேண்டும் என்ற ஆசை அன்றைக்கு வந்தது. அதற்குப் பிறகு கம்பம், சின்னமனூர், போடி என்று எங்கே கம்பெனி வந்தாலும் போவேன். வீட்டுக்கு வந்ததும் கதையை அல்ல, படுதாக்களைக் குறித்து வைப்பேன். தர்பாரில் எத்தனை தூண், நிழல் எந்தப் பக்கம் தப்பாக விழுந்திருக்கிறது என்று. மற்ற வீட்டு ஆண்கள் நாடகம் பார்த்துவிட்டு வந்து பாட்டுப் பாடுகிறார்கள், என் வீட்டுக்காரர் தூண் எண்ணுகிறார் என்று என் மனைவி தன் தங்கையிடம் சொல்லிச் சிரித்ததுண்டு.

எனக்கு முப்பத்தாறு வயதில் ஒரு நாடகக் கம்பெனி போடி வரை ரயிலிலும் அங்கிருந்து மாட்டு வண்டிகளிலும் கம்பம் வந்து சேர்ந்தது. வழியில் சாரல் பிடித்துக்கொண்டது. ஒரு வண்டியின் மேல்தார்ப்பாய் கிழிந்து, சுருட்டி வைத்திருந்த காட்டுப் படுதா நனைந்து, பச்சையும் நீலமும் கலந்து சேறாகிவிட்டது. கம்பெனி முதலாளி ஊரில் படம் எழுதுகிறவர் யாராவது உண்டா என்று விசாரிப்பதாக ஆபீசில் பேச்சு வந்தது. அன்று மாலையே போனேன். இதற்கு முன் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டார். வாய்க்கால் என்றேன். அவர் சிரித்து முடிக்கும்வரை நின்றேன்.

மதுரையிலிருந்து ஆளை வரவழைக்க அவருக்கு அவகாசம் இல்லை. அதனால் ஒரு ஏற்பாடு சொன்னார். காட்டுப் படுதா மேடையில் நின்று காட்டினால் பழசாகிப் போன மற்ற ஏழு படுதாக்களையும் நானே எழுதலாம், கம்பெனியின் படுதாக்காரனாகவே இருக்கலாம். நிற்காவிட்டால் அந்தத் துணியைப் போர்த்திக்கொண்டு பழையபடி வாய்க்கால் போடப் போய்விடலாம்.

ஓவர்சியரிடம் உண்மையைச் சொல்லி விடுப்புக் கேட்டேன். அவர் கோபிப்பார் என்று நினைத்தேன். ஆடி முடியும்வரை சம்பளமில்லாத விடுப்புக் கொடுத்தார். ஆவணி முதல் தேதி நாற்காலியில் இருக்க வேண்டும், அல்லது ராஜினாமாக் கடிதம் மேஜையில் இருக்க வேண்டும், இரண்டும் இல்லாமல் இழுக்கக் கூடாது என்றார். கடிதத்தை அன்றே எழுதினேன். தேதிக்கு மட்டும் இடம் விட்டு நாட்குறிப்பில் செருகி வைத்தேன்.

மனைவியிடம் சொன்னபோது அவள் முறத்தில் பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். போடிப் பக்கம் தேவாரம் என்ற ஊர்க்காரி, சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள். ஒரு கேள்விதான் கேட்டாள்.

"இது கைகூடலைன்னா, திரும்ப அந்த மேசையில போயி மனசு நோகாம உக்காருவீகளா?"

தெரியவில்லை என்றேன்.

"அப்ப எழுதிப் பாத்துருங்க. தெரியாமயே காலம் பூராத்தையும் ஓட்டுறதுக்கு இது தேவலை."

காடு பார்ப்பதற்காகச் சுருளிப்பட்டிக்கு அப்பால் மலையடிவாரத்துக்கு இரண்டு நாள் போனேன். ஓடைக்கரையில் ஒரு பெரிய நாவல் மரம், பின்னால் மூங்கில், அதற்கும் பின்னால் மேகம் மூடிய மலை. இங்கே என் வேலை முறையைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஆபீசில் எந்த இடத்தை வரைந்தாலும் முதலில் அங்கே இருக்கும் இலாகா எல்லைக்கல்லைக் குறிப்போம். கல் நகராது. அதிலிருந்து அளந்துதான் மரம், மேடு, கரை எல்லாம். அந்த நாவல் மரத்துக்குப் பத்தடி தள்ளி எங்கள் கல் ஒன்று இருந்தது. சுண்ணாம்பு அடித்து, கறுப்பில் முப்பத்தேழு என்று எண் போட்டது. அதைக் குறித்தேன். அதிலிருந்து காட்டை அளந்தேன்.

ஆடிக் காற்றில் வெளியே துணி விரிக்க முடியாது. பஞ்சு வியாபாரி ஒருவர் காலியாகக் கிடந்த தம் பஞ்சுக் கிட்டங்கியை ஒரு வார்த்தை கேட்டதும் திறந்துவிட்டார். இருபத்துநான்கு அடித் துணியைத் தரையில் விரித்துக் கட்டம் போட்டு, காகிதத்தில் இருந்ததைக் கட்டம் கட்டமாகப் பெரிதாக்கினேன். என் மனைவி காலையில் சமையலை முடித்துவிட்டு வந்து வண்ணம் குழைக்க வச்சிரப் பசை காய்ச்சிக் கொடுப்பாள். கடைசி மூன்று நாள் கீழ் வரிசைப் புல்லையும் சருகையும் அவளே எழுதினாள். என் புல்லைவிட அவள் புல் உயிரோடு இருந்தது. அதையும் குறித்து வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் சுற்று ஊர்ப் பெண்களுக்காக ஒரு பகல் ஆட்டம் போட்டார்கள். வண்டிகள் பொழுது சாய்வதற்குள் திரும்ப வேண்டுமே. கொட்டகைக் கீற்றுகளின் சந்து வழியாக நல்ல வெளிச்சம். நான் ஆண்கள் பக்கத்தில் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றேன். மனைவி பெண்கள் பக்கத்தில் இருந்தாள்.

நாட்டை இழந்த ராஜா வனத்துக்குள் வரும் கட்டத்தில் என் படுதா இறங்கியது. பெண்கள் பக்கத்திலிருந்து "அடியாத்தா" என்று ஒரு குரல் வந்தது. ராஜபார்ட் நடிகர் நடு மேடைக்கு வந்து, மனித வாடையே படாத இந்த வனத்தில் வழி தெரியாமல் நிற்கிறேனே என்று குரலைத் தூக்கி ஆர்மோனியத்துக்காக ஒரு கணம் நிறுத்தினார்.

அந்த ஒரு கணத்தில், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த எங்கள் ஆபீஸ் லஸ்கர் எழுந்துவிட்டார். வாய்க்கால் கரையில் அளவுச் சங்கிலி இழுப்பதும் கல் நடுவதும் அவர் வேலை. என்னைவிட இளையவர், சாதாரணமாகப் பேசவே மாட்டார்.

"ராசா, அந்தா முப்பத்தேழாம் நம்பர் கல்லு நிக்குது பாருங்க. நான் நட்ட கல்லுதேன். அதைப் பிடிச்சுக் கீழ எறங்குனா சுருளிப்பட்டி."

கொட்டகை முழுவதும் ஒரேயடியாகச் சிரித்தது. யாரோ, வண்டி வேண்டுமா ராஜா என்று கேட்டார்கள். அப்போதுதான் நானும் பார்த்தேன். நாவல் மரத்துக்குப் பக்கத்தில் வெள்ளைக் கல், அதன் மேல் எண், துளி பிசகாமல். பதினான்கு வருஷம் அளவுக்காகவே பார்த்த கல் என் கண்ணுக்குத் தெரியாமலே போயிருந்தது. அளந்து முடித்த பிறகும் அதை அழிக்கவில்லை. நிழல்கூடப் போட்டு வைத்திருந்தேன். பக்கத்திரை இடுக்கில் முதலாளியின் முகம் தெரிந்தது. ஆவணி முதல் தேதிக்கு எத்தனை நாள் என்று என் மனம் எண்ணத் தொடங்கிவிட்டது.

ராஜபார்ட் சிரிப்பு அடங்கும்வரை அசையாமல் நின்றார். பிறகு மெல்லத் திரும்பி, படுதாவின் பக்கம் நடந்து, கல்லின் முன் மண்டியிட்டார். துணி ஆடாதபடி, தொடுவதுபோல் கையை வைத்தார்.

"என் பாட்டனார் நட்ட எல்லைக்கல்லே, இதுவரை என் நாடு. உன்னைத் தாண்டி ஓரடி வைத்தால் நான் ராஜா இல்லை. இத்தனை காலம் என் நாட்டைக் காத்தாய். இனி என்னை யார் காப்பார்?"

சொல்லிவிட்டு அந்தக் கல்லைத் தாண்டுவதுபோல் ஒரே ஓர் அடி எடுத்து வைத்தார். ஆர்மோனியக்காரர் தாமாகவே சோக ராகத்துக்கு மாறினார். எல்லைக் கல்லுக்காகக் கோர்ட்டுக்கு நடந்த குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் நிறைய உண்டு. பெண்கள் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. லஸ்கர் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஆட்டம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் ஓடினேன். ஒரு மணி நேரத்தில் கல்லின்மேல் ஒரு புதர் எழுதி மூடிவிடுகிறேன் என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் பதில் சொல்வதற்கு முன், அரிதாரம் துடைத்துக்கொண்டிருந்த ராஜபார்ட் கண்ணாடியிலிருந்து முகத்தை எடுக்காமலே சொன்னார்.

"கல்லை மூடிட்டா நான் எதைப் பிடிச்சு அழுகிறது?"

முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். "மிச்சம் ஏழும் எழுதுங்க. அந்தப்புரத்துல மட்டும் கல்லு நட்டுறாதீக."

வெளியே லஸ்கர் காத்திருந்தார். "அண்ணே, மனசுல வச்சுக்கிறாதீக. கல்லைப் பாத்ததும் வாய் நிக்கலை. நான் வெயில்ல நட்டதை இம்புட்டுச் சனமும் பாக்குதேன்னு ஆயிப்போச்சு." அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நான் எழுதியதை முதன்முதலில் அடையாளம் கண்டவர் அவர்தான் என்று எனக்கு அப்போதே தோன்றியது.

வீட்டுக்கு நடக்கும்போது மனைவியிடம் கேட்டேன். அந்தக் கல்லுக்கு அடியில் புல் எழுதியது அவள்தானே, அவளாவது பார்க்கவில்லையா?

"பாத்தேன். நீங்க அம்புட்டு அக்கறையா எழுதியிருந்தீக. வேணும்னுதேன் வச்சிருக்கீகன்னு நினைச்சேன்."

மறுநாள் கடிதத்தில் தேதியைப் போட்டு ஓவர்சியரிடம் கொடுத்தேன். ஆட்டத்தைப் பற்றி அதற்குள் யாரோ சொல்லியிருந்தார்கள். அவர் கடிதத்தைப் படிக்கவில்லை. அலமாரியைத் திறந்து நான் படியெடுத்த சுருளிப்பட்டி வரைபடத்தை விரித்து, முப்பத்தேழாம் கல்லைத் தேடி, நாவல் மரம் அதற்கு எந்தப் பக்கம் என்று என்னைக் கேட்டார். சொன்னேன். வரைபடத்தோடு ஒத்துப் பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்றார். பிறகுதான் கடிதத்தை எடுத்துக் கோப்பில் வைத்தார். பதினான்கு வருஷத்தில் அவர் என்னிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அந்தக் காட்டுப் படுதா ஊர் ஊராகப் போய் நைந்துவிட்டது. இதுவரை மூன்று தடவை புதுத் துணியில் எழுதிவிட்டேன். சுருளிப்பட்டி எங்கே இருக்கிறது என்றே தெரியாத ஊர்களிலும் ராஜா அதன் முன்னால் மண்டியிட்டிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் துணியை விரித்ததும் முதலில் கல்லைத்தான் போட்டேன். புல்லை மட்டும் தொடுவதில்லை. அதற்கு என் மனைவி வர வேண்டும்.