மோந்து பார்த்த பூ

முத்து, சுந்தரி, இது உங்கள் இருவருக்காகவும் எழுதுவது. எட்டாம் வகுப்போடு நின்றுபோன படிப்பு என்னுடையது. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். போன வாரம் சுந்தரி என்னிடம், "ஏம்ப்பா, கொல்லையில அம்புட்டு வாசமா ரோசாப்பூ பூக்குது, அம்மா ஒருநாள்கூடத் தலையில வச்சு நான் பாத்ததில்லையே" என்று கேட்டாள். அப்போது நான் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். பதில் சொல்ல வேண்டுமென்றால் நாம் காரைக்குடிக்கு வந்த புதிதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அப்போது ஒருநாள் உங்கள் அம்மா கடைவீதியில் பூக்காரம்மாவிடம் போய் ஒரு விரலைக் காட்டி, ஒரு பூ கேட்டாள். பூக்காரம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஒத்தப் பூவா? மொழக்கணக்குலதான் குடுப்போம். ஒத்தப் பூவ வச்சு என்னத்தா செய்வ?" என்றாள். உங்கள் அம்மா மறுபடியும் விரலைக் காட்டினாள். கையில் காசில்லாத பெண் என்று நினைத்து இரக்கப்பட்டு, ஒரு துண்டுக் கதம்பத்தைக் கிள்ளிச் சும்மா கொடுத்துவிட்டாள் பூக்காரம்மா. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு உங்கள் அம்மா அழுதாள். நல்ல மனதோடு கொடுத்த பூவுக்கு ஏன் அழுகிறாள் என்று எனக்கே அப்போது புரியவில்லை.

ரங்கூனில் பெண்கள் சரம் வைப்பதில்லை. கொண்டைக்குப் பக்கத்தில் ஒரே ஒரு பூ, காம்போடு செருகுவார்கள். மரத்தில் ஒட்டி வளரும் செடி ஒன்று அங்கே உண்டு. அதன் பூ கத்திரிப்பூ நிறத்தில் இருக்கும். நான் முதன்முதலாக உங்கள் அம்மாவைப் பார்த்தபோது அவள் அதைத்தான் வைத்திருந்தாள். அவளுடைய அப்பா நாச்சியாபுரத்துக்காரர், அம்மா பர்மாக்காரி. நான் நேமத்தான்பட்டியில் உழவு பார்க்கும் சம்சாரி வீட்டில் பிறந்து, மீசை முளைக்கும் முன்னே கப்பலேறியவன். அங்கே கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு எங்களுக்குப் பிழைப்பு இல்லை, கிளம்பினோம். உங்கள் அம்மாச்சி துறைமுகம் வரை வந்து, உள்ளங்கை அகல மரப் புத்தர் ஒன்றை மகள் மடியில் கட்டிவிட்டு நின்றுவிட்டாள். அது அவள் ஊர், அவள் எப்படி வருவாள்? அங்கே இருந்தவரை என்னைக் 'கலா' என்றார்கள். வெளியூர்க்காரன் என்று அதற்கு அர்த்தம். இங்கே வந்தால் 'பர்மாக்காரர்' என்கிறார்கள். எனக்காவது இது பிறந்த மண். "சொந்த ஊருக்கு வந்துட்டீக, இனிமே என்ன கவலை" என்று தெருவில் எல்லாரும் சொல்லும்போது, உங்கள் அம்மா என் முகத்தைப் பார்ப்பாள்.

நாம் குடியிருக்கும் இந்தப் பின்கட்டு உமையாள் ஆச்சியுடையது. ஆச்சி முன்கட்டில் தனியாக இருந்தார்கள். கிணறும், கிணற்றுக்கும் மதிலுக்கும் நடுவே பாய் விரிக்கிற அளவு மண்ணும் இரண்டு கட்டுக்கும் பொது. சந்தைக்கு ஒட்டு ரோஜா கொண்டுவரும் ஒருவர், கத்திரிப்பூ நிறத்தில் பூக்கும் செடி பெங்களூர்ப் பக்கம் கிடைக்கும் என்றார். மில்லில் எனக்கு வாரக் கூலி. சொல்லி வைத்து வாங்கினேன். செம்மண்ணும் கல்லுமான இடத்தை உங்கள் அம்மா தானே தோண்டி, சாணமும் இலைச்சருகும் போட்டு நட்டாள். அரிசி கழுவின தண்ணீர், டீத்தூள் சக்கை எல்லாம் அதற்குத்தான். பங்குனி வெயில் ஏறினால் ஈரச் சாக்கைக் கட்டி நிழல் கொடுப்பாள். தெருவில் பரிகாசம்தான். செடி பூக்கும் நிறத்தைக் கேட்டுவிட்டு, "சாயம்போன சேலை மாதிரியா? காசு குடுத்தா வாங்குனீக?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். ஆச்சி மட்டும் சிரிக்கவில்லை. பிற்பகலில் கிணற்றடிக்கு வந்து உட்கார்ந்து, செடியைப் பார்த்துக்கொண்டே பர்மாவைப் பற்றிக் கேட்பார்கள். ஆச்சியின் வீட்டுக்காரர் பர்மாவில் மோல்மேன் ஊரில் கடை வைத்திருந்தவர். ஆயுளில் பாதியை அங்கேயே கழித்துவிட்டு, கடைசியில் நோயோடு வந்து இங்கே கண்ணை மூடியவர். ஆச்சி அந்த ஊரைப் பார்த்ததே இல்லை. அங்கே மழை எப்படிப் பெய்யும், வீட்டுக்குள் தண்ணீர் வருமா, ஆற்றில் எந்நேரமும் படகு போகுமா என்று கேட்பார்கள். உங்கள் அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள். இந்தக் காரைக்குடியில் அவள் வாய்விட்டுப் பேசியது ஆச்சியிடம் மட்டும்தான். பெண்கள் எப்படிக் கொண்டை போடுவார்கள் என்று ஒருநாள் ஆச்சி கேட்டபோது, உங்கள் அம்மா தன் தலையை அவிழ்த்து முடிந்து காட்டினாள். ஆச்சி வெகுநேரம் பார்த்துவிட்டு எழுந்து போனார்களாம்.

மார்கழியில் முதல் மொட்டு விட்டது. முதல் பூ புத்தருக்கு, அதுவும் தன் அம்மா பேரில், என்று உங்கள் அம்மா முடிவு செய்திருந்தாள். அவர்கள் வழக்கப்படி காம்போடு கண்ணாடித் தம்ளரில் தண்ணீரில் நிறுத்த வேண்டும். மொட்டு விரிவதற்கு முதல்நாளே தம்ளரைத் துலக்கி வைத்துவிட்டாள். விடிந்து பார்த்தால் செடியில் பூ இல்லை. சற்று நேரத்தில் ஆச்சி திருநீற்றோடு வந்தார்கள். முகமெல்லாம் சந்தோஷம். "உன் பூவு முக்குப் பிள்ளையாருக்கு ஏறிருச்சுத்தா. கருகருன்னு இருக்கற சாமி தலையில அது என்ன எடுப்பா இருக்கு தெரியுமா" என்றார்கள். நம் தெருவில் சாமிக்கென்றால் யார் வீட்டுச் செடியிலும் பறிப்பார்கள், பறிக்கப்பட்டவருக்கும் அது பெருமை. பர்மாக்காரி செடியின் பூ தெருப் பிள்ளையாருக்கு ஏறிவிட்டது, இனி அவள் நம்மவள் என்றுதான் ஆச்சி நினைத்திருப்பார்கள். இப்போது யோசித்தால் அது தெரிகிறது. உங்கள் அம்மா அப்போது கண்டது, பூ போன செடியை மட்டும்தான். "ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே ஆச்சி" என்றாள்.

"சாமிக்குப் பறிக்க யாரைக் கேக்கணும்?"

"செடி என்னுதுல்ல?"

ஆச்சியின் முகம் மாறிவிட்டது. "உங்க ஊர்ப் பொம்பளைக எங்க வீட்டு ஆம்பளைகள எடுத்துக்கிட்டாளுகளே, எங்களக் கேட்டுக்கிட்டா எடுத்தாளுக?"

நான் வாளியோடு அங்கேதான் நின்றேன். மோல்மேனில் அவர்கள் வீட்டுக்காரருக்கு இன்னொரு குடும்பம் இருந்தது நான் கேள்விப்பட்டதுதான். ஆச்சிக்கும் தெரியும் என்பது அன்றுதான் தெரிந்தது. உங்கள் அம்மா உள்ளே போய்த் தம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

அடுத்த மொட்டு விரிந்த அன்று, ஆச்சி பூக்குடலையோடு கொல்லைக் கதவைத் திறக்கும் நேரம் பார்த்து உங்கள் அம்மா செடியண்டை போனாள். குனிந்தாள். ஆச்சி பார்த்துக்கொண்டிருக்க, பூவில் மூக்கை வைத்து நன்றாக மோந்தாள். மோந்த பூ சாமிக்கு ஆகாது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. பர்மாவிலும் புத்தருக்கு வைக்கும் பூவை யாரும் மோந்து பார்க்க மாட்டார்கள். ஆக, அந்தப் பூ பிள்ளையாருக்கும் இல்லை, அவளுடைய புத்தருக்கும் இல்லை. தானும் தலையில் வைக்கவில்லை. அந்த ரோஜாவுக்கு எலுமிச்சைத் தோலைக் கிள்ளியது போலவும் பன்னீர் போலவும் கலந்த ஒரு வாசம். அதை அவள் ரசித்து மோந்ததாக எனக்குத் தோன்றவே இல்லை. கதவைத் தாழ்போடுவது போலத்தான் இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பூவுக்கும் அப்படியே. ஆச்சி குடலையைக் கொண்டுவருவதை நிறுத்தினார்கள். பிறகு பிற்பகலில் வந்து உட்காருவதும் நின்றது. தண்ணீர் இறைக்க வரும்போது ஒருவருக்கொருவர் வழிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். நானும் பொம்பளைகள் சண்டை, தானாக ஆறும் என்று இருந்தேன். அது ஆறவில்லை. உங்கள் அம்மா பேசுவதே குறைந்துபோயிற்று. பர்மாவின் மழையைப் பற்றி அவளிடம் கேட்பதற்கு வேறு ஆள் இல்லை.

மறு வருஷம் ஆச்சி கிணற்றடியில் வழுக்கி விழுந்தார்கள். இடுப்பில் அடி. கொத்தமங்கலத்திலிருந்து அவர்கள் மகன் கார் கொண்டுவந்தார். இனி திரும்பமாட்டார்கள் என்று எல்லாருக்கும் தெரிந்தது. பெட்டி ஏற்றும்போது உங்கள் அம்மா கொல்லைக்கு ஓடினாள். ஒரு பூ இருந்தது, ஒரே ஒரு பூ. வெட்டக் கத்தியை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். விடிகாலையிலேயே பழக்கத்தில் அதை மோந்துவிட்டிருந்தாள். வெறுங்கையோடு திரும்பி வந்து கார் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆச்சி அவள் கையைப் பார்த்தார்கள்.

"என்னத்தா, இன்னைக்குப் பூக்கலையா?"

"பூத்துச்சு ஆச்சி."

அவ்வளவுதான் சொன்னாள். ஆச்சிக்குப் புரிந்திருக்கும். ஜன்னலைப் பிடித்திருந்த கையின்மேல் தன் கையை வைத்தார்கள். மகன் நேரமாகிறது என்றார், கார் போய்விட்டது. அடுத்த மாசம் ஆச்சி தவறிப்போன செய்தி வந்தது.

சுந்தரி, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். அன்றிலிருந்து உங்கள் அம்மா அந்தப் பூவைப் பறிப்பதும் இல்லை, மோப்பதும் இல்லை. செடிக்கு எருவும் தண்ணீரும் மட்டும் குறைவதில்லை. இந்த வெயிலில் மூன்றாம் நாளே வெளுத்து, இதழ் இதழாகக் கிணற்றடியில் உதிர்கிறது, அதைக் கூட்டி அள்ளுகிறாள். புத்தர் முன்னால் அந்தத் தம்ளரில் தினமும் தண்ணீர் மாற்றுகிறாள், பூ வைப்பதில்லை. ஆச்சி உயிரோடு இருந்தபோதே நான் அவளைக் கொத்தமங்கலத்துக்கு ஒருதரம் பஸ்ஸில் கூட்டிப் போயிருக்கலாம் என்று பிறகு எத்தனையோ தரம் நினைத்துக்கொண்டேன்.

நீ கேட்ட மறுநாள், உங்கள் அம்மா எழுந்திருக்கும் முன்பே கொல்லைக்குப் போனேன். ஒரு பூ அப்போதுதான் விரிந்திருந்தது. மூச்சை அடக்கிக் காம்போடு வெட்டி, முகத்துக்கு எட்டாமல் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். எதிரே வந்த பால்காரர், "என்ன பர்மாக்காரரே, பாம்பப் பிடிச்சாப்புல கொண்டு போறீக?" என்றார். வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனேன். தெருமுக்கில் யாரும் இல்லை. காம்பைக் கிள்ளி எடுத்துவிட்டு, ஆச்சி வைப்பது போலப் பூவை மட்டும் பிள்ளையார் தலையில் வைத்தேன். காம்பை அங்கே போட்டுவிட்டு வர மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்து, இரண்டு இலையோடு மிஞ்சியிருந்த அந்தக் காம்பைப் புத்தர் முன்னால் இருந்த தம்ளர் தண்ணீரில் நிறுத்திவைத்தேன்.