நின்று எடுத்த படம்

இருபத்திரண்டு வருஷமாகத் தம்பிக்கு ஒரே ஒரு குறை. பட்டறையில் எந்த வேலையும் செய்யலாம், வெர்னியரை மட்டும் தொடக் கூடாது. பிஸ்டனோ பேரிங்கோ, தேய்மானத்தை அண்ணன்தான் அளப்பார். தம்பி நோட்டில் எழுதிக்கொள்வான்.

"உன்னோடது முரட்டுக் கைடா. அரை மில்லியை அமுக்கியே முழுங்கிடுவ" என்பார். கேட்டுக் கேட்டு அதுவும் மரத்துப்போயிற்று.

லாரிக்கு அடியில் குந்திக் குந்தியே அண்ணனின் வலது இடுப்பு தேய்ந்தது. டாக்டர் எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் மாட்டி, இடுப்புப் பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்து காட்டினார். போன வருஷம் மூன்றரை மில்லி, இந்த வருஷம் இரண்டே முக்கால். கிண்ணம் பந்தை மூடுகிற கோணமும் போதவில்லையாம். இதே வேகத்தில் போனால் சீக்கிரமே ஆபரேஷன் செய்து இடுப்பு மூட்டை மாற்ற வேண்டிவரும், மாற்றினால் குந்தி வேலை செய்யக் கூடாது என்றார்.

"ரெண்டுக்குக் கீழ போகட்டும், அறுத்துக்கறேன்" என்று அண்ணன் எழுந்து வந்துவிட்டார். குந்தாத மெக்கானிக்குக்குப் பட்டறையில் என்ன வேலை?

எட்டு மாசம் கழித்து, பக்கத்துத் தெரு லேபில் ஒரு படம் எடுத்து வந்தார். ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வெர்னியரை வைத்தார்.

"மூணுடா! தேயவே இல்ல. டாக்டர் சொன்ன ஆருடமெல்லாம் புஸ்ஸுன்னு போச்சு பாரு."

அதைச் சொல்லும்போதும் மேஜையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். தம்பி கைக் கரியைத் துடைத்தான்.

"எப்படிண்ணே எடுத்தாங்க? நின்னா, படுத்தா?"

"படுத்துதான். நிக்க முடியலடா."

"டாக்டர் நிக்க வெச்சுல்ல எடுத்தாரு. லோடு ஏத்தாம ஸ்பிரிங் பட்டையை அளந்துட்டு, வண்டி நல்லாருக்குன்னு ஒருத்தன் வந்தா என்ன சொல்லுவீங்க?"

"போடா முட்டாள்னு சொல்லுவேன்."

"நான் சொல்லலப்பா. நீங்களே சொல்லிக்கிட்டீங்க."

அண்ணன் சிரிக்கவில்லை. தம்பிக்கும் ஜெயித்த மாதிரி ஒன்றும் இல்லை. கழற்றிப் போட்ட நட்டுகளைப் பொறுக்கி டப்பாவில் போட ஆரம்பித்தான்.

மறுநாள் நின்று எடுத்த படத்தோடு வந்தார். ஜன்னலில் ஒட்டினார். இடைவெளி ஒரு கோடு மாதிரி இருந்தது. வெர்னியரைத் தூக்கினவர் அப்படியே இறக்கி, தம்பி பக்கம் நீட்டினார்.

"நீ அள. அமுக்காம அள. ரெண்டுக்குக் கீழன்னா எங்கிட்ட சொல்ல வேணாம். டாக்டருக்கே போனைப் போட்டுடு."