அன்றைக்கு அவள் முறையில்லை

நெல் தள்ளும் பலகை ஒன்று எங்கள் கொல்லைச் சுவரில் இன்னும் சாய்ந்து நிற்கிறது. ஓர் ஆள் பின்னால் அழுத்திப் பிடிக்க, இரண்டு பேர் முன்னால் கயிற்றால் இழுக்கிற கனத்த பலகை. மில் போய், களம் போய் எத்தனையோ வருஷமாகியும் அதை அடுப்பெரிக்க நான் விடவில்லை.

திருவாரூருக்குப் பக்கத்தில் என் மாமனார் சின்னதாக ஓர் அரிசி மில் வைத்திருந்தார். நான் மருமகளாய் வந்தபோது திராவிட ஆட்சி வந்த புதிது. வயலெல்லாம் கூலித் தகராறும் குத்தகைத் தகராறும். வரப்புக்கு வரப்பு சிவப்புக் கொடி. மில்லில் நெல்லை அவித்துக் களத்தில் கொட்டி, காலால் கிளறி உலர்த்தியதெல்லாம் பெண்கள். அவர்களுக்கு முன்னால் நின்றவளைக் களத்து அக்கா என்போம். வாயென்றால் அப்படியொரு வாய். மாமனாரையே, "நிழலுக்குப் போங்க மொதலாளி, நெல்லோட சேந்து காஞ்சிடுவீங்க" என்று விரட்டுவாள். அவரும் சிரித்துக்கொண்டே போவார்.

அந்த வருஷம் சர்க்கார் மில் ஆட்களுக்குக் குறைந்தபட்சக் கூலியை உயர்த்தியது. உயர்த்தியது சரிதான், இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். நாளெல்லாம் வெயிலில் வெந்து அவர்கள் கொண்டுபோனதில் ஒரு குடும்பம் எப்படிச் சாப்பிடும்? ஆனால் டவுன் மில்காரர்கள் சமாளித்தார்கள். சின்ன விவசாயிகளுக்கு அரைத்துக் கொடுத்த மாமனாரால் முடியவில்லை. அரவைக் கட்டணத்தை ஏற்றினால் வண்டிகள் டவுனுக்குத் திரும்பிவிடும். சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருப்பார். "அவங்க கேக்கறது நியாயம்தாம்மா. எங்கிட்ட இல்லையே." பாதிப் பேரை நிறுத்தலாமென்றார் கணக்குப்பிள்ளை. யாரை? களத்து அக்காதான் வழி சொன்னாள். யாரையும் நிறுத்த வேண்டாம். பாதிப் பேர் ஒருநாள், மீதிப் பேர் மறுநாள் என்று முறை வைத்துக்கொண்டார்கள்.

பாதி ஆட்களால் வெயிலைச் சமாளிக்கலாம், மழையைச் சமாளிக்க முடியுமா? மேகம் கருத்தால் முறையில்லாதவர்களும் தெருவிலிருந்து ஓடிவந்து நெல்லைக் குவித்து மூடுவார்கள். யாரும் கூப்பிட்டதில்லை, அதற்குக் கூலியும் இல்லை. நெல் நனைந்தால் மில் போகும், மில் போனால் எல்லோர் வேலையும் போகும் என்ற பயம்தான். மாமனார் முகம் கொடுக்க முடியாமல் நிற்பார்.

ஐப்பசியில் ஒரு பிற்பகல், முறையில்லாத களத்து அக்கா, கொதிக்கிற குழம்பை அடுப்பில் விட்டுவிட்டு ஓடிவந்தாள். பலகையை அவள்தான் அழுத்திக்கொண்டிருந்தாள். களத்தை ஒட்டிய எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இடி விழுந்தது. கயிறு இழுத்த இருவரும் தூரப் போய் விழுந்து பிழைத்தார்கள். அவள் பலகைமேல் கவிழ்ந்து கிடந்தாள்.

மறுநாள் விசாரிக்க அதிகாரி வருவதாகச் சேதி வந்தது. வேலையில் செத்தவளென்றால் நஷ்டஈடு. மில்லை விற்றால்தான் முடியும். விற்றுக் கொடுக்கிறேன் என்றார் மாமனார். அப்போதுதான் செத்தவளின் தங்கை வந்தாள். அவளும் களத்தில் வேலை செய்தவள்தான். முகம் அழுது வீங்கியிருந்தது.

"அக்காவுக்கு அன்னிக்கு மொறையில்லன்னு சொல்லிடுங்க. மில்லு போச்சுன்னா நாங்க அத்தன பேரும் எங்கங்க போறது?"

அதிகாரியிடம் மாமனார் அப்படியே சொன்னார். அவள் பிள்ளைகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அதற்கப்புறம் அவர் பழைய மனுஷர் இல்லை. வானம் இருண்டால் மில் கேட்டைச் சாத்திக்கொண்டு நடுவில் நிற்பார். ஓடிவருகிறவர்களைக் கையெடுத்துக் கும்பிடுவார். "மொறையில்லாதவங்க வராதீங்கம்மா, வீட்டுக்குப் போங்க." உள்ளே நெல் நனையும். அவித்த நெல் நனைந்தால் அந்த நாற்றம் அரிசியை விட்டுப் போகாது. ஊரார் வருவது நின்று, அடுத்த அடைமழைக்குள் மில்லை மூடினோம். அந்த மில்லுக்காகத்தானே அவளை வேலைக்கு வராதவளாக்கினோம்! தங்கை திருப்பூருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். படுக்கையில் கிடந்த கடைசி மழைக்காலத்திலும் மாமனார் கேட்டைச் சாத்தச் சொல்லிக்கொண்டேயிருந்தார். சாத்திவிட்டோம் என்று பொய் சொல்லித்தான் தூங்க வைப்பேன்.

போன ஐப்பசியில் திடீரென்று இருட்டிக்கொண்டு வந்தது. பலகை நனைகிறதே என்று உள்ளே இழுக்கப் போனேன். ஒருத்தியால் ஆகிற காரியமா அது? நான் திணறுவதைப் பார்த்து அடுத்த கொல்லையிலிருந்து பக்கத்து வீட்டுப் பெண் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். பலகையை விட்டுவிட்டு இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டேன். "வராதம்மா, வீட்டுக்குப் போ."